கார் இல்லாக் குடியிருப்பு: பிரேசர் டவுனில் விதியே முதல் தடை

பெங்களூரு: கார்களை வளாகத்தின் எல்லையிலேயே நிறுத்திவிட்டு, வீடுகளுக்கு நடுவே பொதுப் பசுமைவெளியை அமைக்கும் குடியிருப்பு முறை ஐரோப்பிய நகரங்களில் நடைமுறைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பெங்களூருக்கு அது பொருந்துமா என்பதை ஆராய, பிரேசர் டவுனைவிடப் பொருத்தமான இடம் அரிது.

1898-இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசல் மிகுந்த கண்டோன்மென்ட் பகுதிக்கு மாற்றாக உருவாக்கப்பட்ட புறநகர் இது. 1906-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. காற்றும் வெளிச்சமும் புகும் திறந்தவெளி, எலிகள் நுழைய இயலாத கட்டட அமைப்பு ஆகியவற்றை வலியுறுத்தினார் பொறியாளர் ஜே.எச். ஸ்டீபன்ஸ். ஸ்டீபன்ஸ் சாலை இன்றும் அவர் பெயரை நினைவூட்டுகிறது. திறந்தவெளி என்பது அலங்காரம் அன்று, பொதுச் சுகாதாரத்தின் அடிப்படை என்பதே அன்றைய கொள்கை.

இன்று பழைய தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்போது, அந்தத் திறந்தவெளியைக் கார்கள் எடுத்துக்கொள்கின்றன. குடியிருப்புகளுக்கு வாகன நிறுத்துமிடத்தைக் கட்டட விதிகள் கட்டாயமாக்குவதே இதற்கு முக்கியக் காரணம். டெல்லி பெருந்திட்டம் 2021-இன் அளவுகோலின்படி, ஒரு காருக்குத் திறந்தவெளியில் 23 சதுர மீட்டர் தேவை. அடித்தளத்தில் 32 சதுர மீட்டர். இக்கணக்கில், 20 வீடுகளுக்குத் தலா ஒரு கார் என்றாலே 460 சதுர மீட்டர் திறந்தவெளி பறிபோகும். கார் வாங்காத குடும்பமும் வீட்டு விலையுடன் சேர்த்து இந்த இடத்துக்கான பணத்தைச் செலுத்துகிறது.

இச்சிக்கலுக்கு ஜெர்மனியின் பிரைபர்க் நகரிலுள்ள வௌபான் குடியிருப்பு ஒரு வழி கண்டது. முன்னாள் ராணுவ முகாமில் அமைந்த அங்கு ஏறக்குறைய 5,500 பேர் வசிக்கின்றனர். கார் வைத்திருப்போர், குடியிருப்பின் ஓரத்திலுள்ள பொது நிறுத்தகத்தில் தனி விலைக்கு இடம் வாங்க வேண்டும். கார் இல்லாதோர் அதற்கான உறுதிமொழி அளித்து, எதிர்காலத் தேவைக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு ஒரு சிறு தொகை செலுத்துகின்றனர். விதியும் மீறப்படவில்லை, அந்த நிலமும் பசும்புல்வெளியாகவே நீடிக்கிறது. 2006-இல் டிராம் வந்தது இந்த ஏற்பாட்டை வலுப்படுத்தியது.

பிரேசர் டவுனுக்கு அருகில் பெங்களூரு கிழக்கு ரயில் நிலையம் உள்ளது. நாகவாரா வரையிலான மெட்ரோ இளஞ்சிவப்புத் தடத்தில் பாட்டரி டவுன் நிலையமும் இடம்பெற்றுள்ளது. எனினும் நிலையம் அருகில் இருந்தால் மட்டும் போதாது. அதுவரை செல்லும் நடைபாதை தடையின்றி இருக்க வேண்டும்.

வேறு தடைகளும் உள்ளன. பெங்களூரின் வாகனங்களில் பெரும்பான்மை இருசக்கர வாகனங்களே. அவற்றைக் கணக்கில் கொள்ளாத திட்டம் பெயரளவிலேயே நிற்கும். அண்டைத் தெருக்களில் இலவசமாக நிறுத்த முடிந்தால், உள்ளே விலக்கப்பட்ட கார் வெளியே வந்து நிற்கும். சுமை அயலவர் மீது விழும். முதியோர், மாற்றுத்திறனாளிகள், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி ஆகியோருக்கும் ஆகியவற்றுக்கும் வாசல்வரை வழி உறுதி செய்யப்பட வேண்டும்.

ஆகவே, முதல் மாற்றம் கட்டட வரைபடத்தில் அல்ல, விதியில் தொடங்க வேண்டும். வீட்டு விலையிலிருந்து நிறுத்துமிட விலையைப் பிரித்து, வௌபான் போன்ற ஒதுக்கீட்டு நிலத்தை மாற்றாக ஏற்க அனுமதித்தால், ஒரு சிறிய மனையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். அதுவரை, காற்றுக்காகத் திட்டமிடப்பட்ட ஊரில் மனைக்கு மனை திறந்தவெளி குறைந்துகொண்டே செல்லும்.