யாருக்கு, எவ்வளவு கடன்பட்டுள்ளோம்?



சில காலத்திற்கு முன் ஓர் இரவு, படுக்கைக்குச் செல்லும் வேளையில், ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தது. பேசியவர் முன்னர் நான் பணியாற்றிய பங்கைச் சேர்ந்த ஒரு தந்தை. "சுவாமி, பிள்ளை ஒரு பிழை செய்துபோட்டாள்" என்று தொடங்கியவரால் சற்றுநேரம் மேற்கொண்டு பேச முடியவில்லை.

அவருடைய மகளுக்கு வயது 15. தோழியரோடு பெரிய கடையொன்றுக்குச் சென்றவள், இரண்டு உதட்டுச்சாயங்களைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறியிருக்கிறாள். வாசலில் காவலர்கள் மறித்துப் பொருளை மீட்டுக்கொண்டனர். பொலிசாரை அழைக்கவில்லை. ஓராண்டுக்கு அக்கடைக்குள் கால்வைக்கலாகாது என எழுத்தில் அறிவித்து, தந்தையை வரவழைத்து அவரோடு அனுப்பிவிட்டனர். மூன்று கிழமைகளின் பின் ஒரு சட்டத்தரணி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பாதுகாப்புச் செலவு, நிர்வாகச் செலவு எனக் கணக்கிட்டு 400 டொலருக்கு மேல் கேட்டிருந்தார்கள். குறித்த திகதிக்குள் கட்டத் தவறினால் வழக்காம். எடுத்த பொருளின் விலையோ 30 டொலரும் இல்லை.

"தாய்க்குத் தெரியாது சுவாமி. நாளைக்கே காசைக் கட்டி முடிச்சுவிடப் போறன். சனத்துக்குத் தெரிஞ்சால் எங்கட மானம் என்னாகும்?"

அக்குடும்பத்தின் இசைவோடும், அடையாளங்களை மாற்றியும் இதனை எழுதுகின்றேன். நம் வாசகரில் பலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்நாட்டில் வாழ்கின்றார்கள். இத்தகைய அழைப்பு உங்கள் வீட்டுக்கும் வரக்கூடும்.

நாளைக்கே கட்ட வேண்டாம் என்றுதான் அவருக்குக் கூறினேன். குருவானவரே இப்படிச் சொல்லலாமா என்று அவர் திகைத்தார். அக்கடிதம் நீதிமன்றக் கட்டளை அன்று. ஒரு தரப்பின் கோரிக்கை மாத்திரமே. அதற்குப் பணம் கட்டுவதால் குற்றவியல் வழக்கு தானாக நீங்கிவிடுவதும் இல்லை. அவ்வழக்கைப் பற்றிய அச்சத்துக்கும் ஓர் அளவு உண்டு. 2003 இல் நடைமுறைக்கு வந்த கனடாவின் இளையோர் குற்றவியல் நீதிச் சட்டம், 12 முதல் 17 வயது வரையானோரின் சிறு தவறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே எச்சரிக்கையோடு தீர்க்க இடமளிக்கிறது.

மனிற்றோபா மாகாணத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் கடையொன்றில் பொருள் எடுத்ததற்காக, சட்டத்தரணியின் கடிதத்துக்கு அஞ்சி அவனுடைய தாய் 225 டொலர் செலுத்தினார். பின்னர் அதனைத் திரும்பக் கேட்டு வழக்காடினார். அக்கோரிக்கைக்குச் சட்ட அடிப்படை இல்லையெனக் கண்ட நீதிமன்றம், 1996 இல் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. பெற்றோர் என்பதனால் மாத்திரம் பிள்ளையின் செயலுக்கு ஒருவர் கடனாளியாகிவிடுவதில்லை என்பது அதில் தெளிவாயிற்று.

இதைக் கேட்டதும் தந்தையின் குரல் மாறியது. "அப்ப குப்பையில போடட்டோ சுவாமி?" அதுவும் சரியன்று. அவர் வாழும் ஒன்ராறியோவில் 2000ஆம் ஆண்டின் பெற்றோர் பொறுப்புச் சட்டம் இருக்கின்றது. பிள்ளை வேண்டுமென்றே பிறர் சொத்தை எடுத்து இழப்பு ஏற்படுத்தினால், சிறு கோரிக்கை மன்றில் பெற்றோர் மீது வழக்குத் தொடுக்கலாம். பிள்ளையை நியாயமாக மேற்பார்வை செய்ததாகவும், இத்தகைய செயலைத் தடுக்க முயன்றதாகவும் நிறுவினால் அவர்கள் விடுபடலாம். ஆகவே கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கட்டணமின்றி உதவும் சட்ட உதவி நிலையம் ஒன்றை நாடுங்கள், அதற்குமுன் எதனையும் எழுதி அனுப்பவும் வேண்டாம் என்றேன்.

சட்டம் பற்றிய பேச்சு இத்துடன் போதும். என்னை உறுத்தியது வேறொன்று. யாருடைய கடனை அவர் அடைக்க முனைந்தார்? மகள் திருடினாள், தந்தை பணம் கட்டுகிறார், தாய்க்குத் தெரியாது. 400 டொலருக்கு அவர் வாங்க நினைத்தது குடும்ப மானத்தை. மகளின் மனச்சாட்சி அந்தக் கணக்கில் எங்குமே இடம்பெறவில்லை. நம்மவரிடையே இது பழைய வழக்கம். பிள்ளை ஊரில் உடைத்ததை இரவோடிரவாகக் காசு கொடுத்து மூடிய தந்தையரை நானும் அறிவேன், நீங்களும் அறிவீர்கள்.

தந்தை விவிலியம் அறிந்தவர். ஒனேசிமின் கடனைப் புனித பவுல் தம் பெயரில் ஏற்கவில்லையா என்று கேட்டார். உண்மைதான். பிலமோனுக்கு எழுதிய மடலில், ஒனேசிம் ஏதும் தீங்கிழைத்திருந்தால் அதனைத் தாமே ஈடுசெய்வதாகத் தம் கைப்படவே பவுல் எழுதுகிறார். ஆனால் அவர் பணத்தை மாத்திரம் அனுப்பிவைக்கவில்லை. ஒனேசிமையே அனுப்பினார். தான் விட்டுவந்த வீட்டு வாசலுக்கு அவன் தன் காலால் நடந்தே போக வேண்டியிருந்தது.

திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் கடமையை ஒப்புரவு அருட்சாதனம் நீக்கிவிடுவதில்லை என்பதே திருச்சபையின் படிப்பினை. அக்கடமைக்கு அளவும் உண்டு. விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். திருடிய விலங்கு உயிரோடு அகப்பட்டால் இரு மடங்கு; ஆட்டைக் கொன்றுவிட்டால் நான்கு மடங்கு; மாட்டைக் கொன்றால் ஐந்து. சக்கேயு நான்கு மடங்கு தருவதாகச் சொன்னபோதும் எவரும் அவரை மிரட்டவில்லை. ஆண்டவர் தம் வீட்டுக்குள் வந்த மகிழ்ச்சியில் தாமாகவே சொன்னார். அஞ்சியவரின் பயத்தை நம்பி விலை குறிக்கும் கடிதத்தை நான் நீதி என்று ஏற்கமாட்டேன். "பெரிய கொம்பனிதானே, அவங்களுக்கு என்ன நட்டம்?" என்று அத்தந்தைக்கு ஆறுதல் கூறிய உறவினரின் சொல்லையும் ஏற்கமாட்டேன். பெரிய கொம்பனியின் பொருளும் பிறர் பொருளே.

அவ்வாரமே தாய்க்குச் சொல்லப்பட்டது. அழுகையும் கோபமும் இரண்டு நாள் நீடித்தனவாம். சட்ட உதவி நிலையத்தின் ஆலோசனைப்படி அவர்கள் பணம் கட்டவில்லை. இரண்டாவது கடிதமும் வந்துவிட்டது; தொகை கூடியிருக்கிறது. மகள் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறாள். கடை மேலாளரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க விரும்புகிறாளாம், ஆனால் உள்ளே செல்லத் தடை. அது நீங்க இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. அன்று தாயும் தானும் போவதாகவும், அப்பா வெளியே காரில் இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறாள்.