மேடை வளர்த்த தமிழ்

கே. பி. சுந்தராம்பாள் என்றதும் திருநீறு துலங்கும் நெற்றியும் 1953-இல் வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படமுமே பலருக்கு நினைவில் எழும். அந்தக் குரலை உருவாக்கியது நாடகமேடை என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை.

அம்மையார் 1908-இல் கொடுமுடியில் ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர். நீண்ட பள்ளிப்படிப்புக்கு வறுமை இடந்தரவில்லை. சிறுவயதிலேயே நாடகக் குழுவிற் சேர்ந்தார். பாட்டும் வசனமுமே அவருக்குப் பாடநூல்கள். ஒலிபெருக்கி பரவாத அந்நாளில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும். லகர ளகரம் பிசகாத அவரது உச்சரிப்பு அப்படி விளைந்ததே.

இலங்கை மேடைகளிலும் அவர் புகழ்பெற்றார். புகழ்மிக்க நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவை 1927-இல் மணந்தார். 1933-இல் கிட்டப்பா காலமானபோது அம்மையாருக்கு வயது 25. அன்று முதல் வெள்ளாடை உடுத்தார். எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என உறுதிபூண்டார். இளம் விதவையை மூலையில் இருத்திய காலம் அது. அவரோ 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு ஒரு இலட்சம் ரூபா ஊதியம் பெற்றார் என்பர். சென்னை மேல்சபை உறுப்பினரானார்; 1970-இல் பத்மஸ்ரீ பெற்றார்; 1980-இல் மறைந்தார்.

துயரத்தைத் தாங்கிய உத்தமி என்று மட்டும் அவரைப் போற்றுவது போதாது. அவர் தம் தொழிலைக் கைவிடாதவர். அத்தொழில் அவரையும் கைவிடவில்லை.

மொன்றியலில் வளரும் எமது பிள்ளைகள் பள்ளியிற் பிரெஞ்சும் வெளியில் ஆங்கிலமும் பேசுகிறார்கள். வீட்டில் தமிழைக் கேட்கிறார்கள். பதில் வேறு மொழியில் வருகிறது. கோயில் விழாக்களில் ஒலிப்பதிவுப் பாடலுக்கு அழகாக ஆடுகிறார்கள். கால்கள் பழகுகின்றன, நாக்குப் பழகுவதில்லை. காதால் மட்டும் அறிந்த மொழி அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது.

பரீட்சைக் காலத்தில் நாடகம் எதற்கு என்று பெற்றோர் கேட்கலாம். அரைமணி நேர நாடகமே போதும். ஆடம்பர உடையோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பத்து வரி வசனம், அதைப் பிழையின்றிச் சொல்லவைக்கப் பொறுமையுள்ள ஒரு பெரியவர், இவ்வளவே தேவை. வரும் நவராத்திரியின் ஒன்பது இரவுகளில் ஓரிரவையேனும் சபையார் இதற்கு ஒதுக்குவார்களாக. கலைமகளுக்கு அதனிலும் சிறந்த அர்ச்சனை வேறில்லை.