அணியாதவருக்கு ஆயிரம் ரூபாய்; பழுதாக விற்றவருக்கு?

காரில் சீட் பெல்ட் அணியாமல் செல்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு இது நூறு ரூபாயாக இருந்தது. பத்து மடங்கு உயர்வுக்கு ஒன்றிய அரசு சொன்ன காரணம் மக்களின் உயிர்ப் பாதுகாப்பு. அந்தக் காரணத்தை மறுப்பதற்கில்லை. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022இல் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். இவர்களில் 16,715 பேர் சீட் பெல்ட் அணியாதவர்கள். அதை அணிய வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால், அணிந்த பெல்ட்டே பழுதானதாக இருந்தால் யாருக்கு அபராதம்? இந்தக் கேள்விக்கு அரசு வைத்திருக்கும் விடையில்தான் அதன் வர்க்கச் சார்பு வெளிப்படுகிறது.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிர மாநிலம் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். காரின் பின் இருக்கையில் இருந்த அவர் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை. உடனே பின் இருக்கைப் பயணிகளுக்கும் அபராதம் கண்டிப்பாக விதிக்கப்படும் என்று அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியை ஏமாற்றும் கொக்கிகளின் விற்பனைக்கு எதிராகவும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. நல்லதே.

இதே மாதங்களில் கார் ஆலைகளுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது? 2022 டிசம்பர் 6 அன்று மாருதி சுசுகி நிறுவனம் சியாஸ், பிரெஸ்ஸா, எர்டிகா, எக்ஸ்எல்6, கிராண்ட் விட்டாரா ஆகிய மாடல்களில் 9,125 கார்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவை அனைத்தும் அந்த ஆண்டு நவம்பர் 2 முதல் 28 வரை தயாரானவை. முன் இருக்கை சீட் பெல்ட்டைத் தோள் உயரத்துக்கு ஏற்றி இறக்கும் அமைப்பின் உதிரி பாகம் ஒன்றில் குறை இருக்கலாம் என்றும், அரிதாக பெல்ட் கழன்றுவிடக்கூடும் என்றும் நிறுவனம் தெரிவித்தது. அடுத்த மாதமே, 2023 ஜனவரியில், 11,177 கிராண்ட் விட்டாரா கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இம்முறை பின் இருக்கை சீட் பெல்ட்டைத் தாங்கும் பிராக்கெட் காலப்போக்கில் தளரக்கூடும் என்பது காரணம். அவை 2022 ஆகஸ்ட் 8 முதல் நவம்பர் 15 வரை தயாரானவை. பின் இருக்கையில் பெல்ட் அணியுங்கள் என்று அமைச்சர் நாட்டுக்கு அறிவுரை கூறிக்கொண்டிருந்த அதே நாட்களில், பின் இருக்கை பெல்ட்டின் பிடிமானமே சந்தேகத்துக்குரிய கார்கள் ஆலையிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தன.

நிறுவனம் தானே முன்வந்து அறிவித்துவிட்டதே, இலவசமாகச் சரிசெய்தும் தருகிறதே, பிறகு என்ன குறை என்று முதலாளித்துவ ஊடகங்கள் கேட்கும். குறையை மறைக்காமல் அறிவிப்பது மறைப்பதைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால், கோடிக்கணக்கான மக்களின் உயிர்ப் பாதுகாப்பு ஒரு நிறுவனத்தின் மனசாட்சியை நம்பி நிற்க வேண்டுமா என்பதே கேள்வி.

கூர் மழுங்கிய சட்டம்

இந்தியாவில் 2019 வரை பழுதான வாகனங்களைத் திரும்பப் பெறுவதற்குச் சட்டமே கிடையாது. கார் முதலாளிகளின் சங்கம் 2012இல் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட நடத்தை விதி மட்டுமே இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 110ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. வாகனத் தரம் பற்றிய விதிகளை மீறும் உற்பத்தியாளருக்கு ஓராண்டு சிறை அல்லது 100 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 182ஏ பிரிவு வழிவகுத்தது. ஏட்டில் இது கடுமையான சட்டம்தான்.

நடைமுறைக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோது அந்தக் கடுமை கரைந்துபோனது. நிறுவனம் தானாக முன்வந்து வாகனத்தைத் திரும்பப் பெற்றால் அபராதம் இல்லை. அரசு கட்டாயப்படுத்தித் திரும்பப் பெறவைத்தால் அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை மட்டுமே. அந்தக் கட்டாயமும், ஆண்டு விற்பனைக்கு ஏற்ப நிர்ணயிக்கப்பட்ட எண்ணிக்கையில் புகார்கள் குவிந்த பிறகே வரும். ஏழு ஆண்டைக் கடந்த வாகனங்களுக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை.

கணக்கு எளிது. ஒரு லட்சம் கார்களில் குறை கண்டு அரசு உச்சபட்ச அபராதமே விதித்தாலும், ஒரு காருக்கு விழுவது நூறு ரூபாய். பெல்ட் அணிய மறந்தவருக்கு ஆயிரம் ரூபாய். கழன்றுபோகும் பெல்ட்டை விற்றவருக்கு நூறு ரூபாய். மோடி அரசின் பாதுகாப்புக் கொள்கை இந்த இரண்டு எண்களில் அடங்கிவிடுகிறது.

ஏழு ஆண்டு வரம்பால் பாதிக்கப்படுவோர் யார்? புதிய காரை வாங்கி நான்கைந்து ஆண்டில் மாற்றிக்கொள்ளும் செல்வந்தர் அல்ல. பழைய காரைக் கடனில் வாங்கி ஓட்டும் வாடகைக் கார் ஓட்டுநரும், இரண்டாம் கை வாகனம் வாங்கும் எளிய குடும்பமுமே. அமெரிக்காவில்கூடக் குறைபாட்டை இலவசமாகச் சரிசெய்ய வேண்டிய காலம் 15 ஆண்டுகள். எத்தனை வாகனங்கள் சரிசெய்யப்பட்டன என்ற காலாண்டு விவரமும் அங்கே மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அதுவும் முதலாளிகள் மனமுவந்து தந்ததல்ல. 1960களில் ரால்ஃப் நாடர் போன்றோர் கார் நிறுவனங்களின் அலட்சியத்தை அம்பலப்படுத்தி, மக்கள் கருத்தைத் திரட்டியதால் 1966இல் வென்றெடுக்கப்பட்ட சட்டத்தின் தொடர்ச்சி அது.

சட்டம் இருந்தும் தண்டனை மென்மையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் தயாரித்த சீட் பெல்ட்டுகளின் பொத்தான் நொறுங்கிப் பழுதானதால், 1995இல் அமெரிக்காவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. தகாட்டாவுக்கும் ஹோண்டாவுக்கும் விதிக்கப்பட்ட அபராதம் தலா 50,000 டாலர். அதே தகாட்டா பின்னர் ஏர்பேக் சோதனை முடிவுகளைத் திரித்துக் காட்டியது. வெடித்துச் சிதறிய அதன் ஏர்பேக்குகள் பலரின் உயிரைப் பறித்தன. 2017இல் அது குற்றத்தை ஒப்புக்கொண்டு திவாலானது. போன உயிர்கள் திரும்பவில்லை.

முதலாளிகள் கேட்டதும் பின்வாங்கும் அரசு

ஒவ்வொரு காரிலும் ஆறு ஏர்பேக் கட்டாயம் என்ற வரைவு அறிவிக்கை 2022 ஜனவரியில் வெளியானது. அக்டோபர் 1 முதல் அமலாகும் என்றார்கள். சிறிய கார்களின் விலை உயரும், விற்பனை சரியும் என்று மாருதி தலைவர் ஆர்.சி.பார்கவா வெளிப்படையாக எதிர்த்தார். அமலுக்கு இரண்டு நாள் முன்பு அரசு ஓராண்டு ஒத்திவைத்தது. 2023 செப்டம்பரில், கட்டாயமாக்கத் தேவையில்லை என்று அமைச்சரே கைவிட்டார். மாறாகக் கொண்டுவரப்பட்ட பாரத் என்கேப் மோதல் சோதனை, நிறுவனங்கள் விரும்பினால் மட்டும் உட்படும் சோதனை. தரச் சான்று அளிக்கும் முதன்மை அமைப்பான புனே ஏஆர்ஏஐ, 1966இல் வாகன முதலாளிகள் அரசுடன் சேர்ந்து அமைத்தது. அவர்களே அதன் உறுப்பினர்கள். தேர்வு எழுதுபவரே விடைத்தாளைத் திருத்தும் குழுவில் இடம்பெறுவதற்கு ஒப்பானது இது.

உற்பத்திக் களத்தில் தொடங்கும் பாதுகாப்பு

குறிப்பிட்ட அந்த உதிரி பாகத்தில் குறை எப்படி நேர்ந்தது என்ற விளக்கம் நிறுவன அறிவிப்பில் இல்லை. ஆனால் இந்தியாவில் கார்கள் எந்தச் சூழலில் உருவாகின்றன என்பது ஊரறிந்த உண்மை. கிராண்ட் விட்டாரா தயாராவது கர்நாடகத்தின் பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில். வேலைப்பளு உயர்வை எதிர்த்த அந்த ஆலைத் தொழிலாளர்கள் 2020 நவம்பரில் கதவடைப்பைச் சந்தித்தனர். மானேசர் மாருதி ஆலையில் சங்கம் அமைக்கும் உரிமைக்காகப் போராடிய தொழிலாளர்களில் 546 நிரந்தரத் தொழிலாளர்கள் 2012இல் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். குர்கான் – மானேசர் பகுதியின் உதிரி பாகப் பட்டறைகளில், பாதுகாப்புக் கருவி பொருத்தப்படாத பவர் பிரஸ் எந்திரங்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் விரல்களை இழப்பது தொடர்கதை.

தொழிலாளியின் விரலைக் காக்க மனமில்லாத உற்பத்தி முறை, பயணியின் உயிரைக் காக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? வரிசையில் நிற்கும் தொழிலாளிதான் ஒரு பாகத்தின் கோளாறை முதலில் காண்பவர். ஆனால் நாளை வேலை உண்டா என்று தெரியாத ஒப்பந்தத் தொழிலாளி, எந்திரத்தை நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வார்? இந்நிலையில் 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், தொழிற்சாலை ஆய்வாளரை 'வசதி செய்து தருபவர்' ஆகவும் மாற்றியிருக்கிறது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. வாகன முதலாளிகளின் பிடியிலிருந்து விலகிய சுதந்திரமான பாதுகாப்பு ஆணையம் வேண்டும். சந்தையிலிருந்து கார்களை எடுத்துச் சோதிக்கும் அதிகாரம் அதற்கு வேண்டும். அபராதம் பழுதான ஒவ்வொரு வாகனத்துக்கும் தனித்தனியே கணக்கிடப்பட வேண்டும். ஏழு ஆண்டு வரம்பு நீக்கப்பட வேண்டும். சரிசெய்யப்பட்ட வாகனங்களின் எண்ணிக்கை மாடல் வாரியாக வெளியிடப்பட வேண்டும். பழுதுபார்க்கும் நாளில் வருமானம் இழக்கும் வாடகைக் கார் ஓட்டுநருக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். அனைத்துக்கும் மேலாக, குறையைக் கண்டால் உற்பத்தியை நிறுத்தவும், அச்சமின்றிப் புகார் செய்யவும் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான உரிமை வேண்டும்.

மோட்டார் தொழிலாளர் சங்கங்களும், ஆலைத் தொழிலாளர் சங்கங்களும், நுகர்வோர் இயக்கங்களும் இணைந்து எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை. காரைச் செய்பவரும் அதை ஓட்டிப் பிழைப்பவரும் உழைப்பாளிகளே. இருவரின் பாதுகாப்பும் ஒரே போராட்டத்தால்தான் உறுதிப்படும்.