காலிச் சாக்கின் கணக்கு

செமிலிங் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். நான்கு வயது மரங்கள். இரண்டு நிரை நல்ல பச்சை, அடுத்த இரண்டு நிரை வெளிறல், மறுபடி இரண்டு பச்சை, மறுபடி இரண்டு வெளிறல். "என்ன நோய் ஐயா இது, மருந்து சொல்லுங்கள்" என்கிறார்.

நோய் இப்படி நிரை பிடித்து வராது. திட்டுத் திட்டாக வரும், பள்ளத்தில் வரும். இவர் குத்தகைக்காரரின் டிராக்டர் மெஷினை வைத்து உரம் தூவுகிறார் என்பது கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. விடை அங்கேதான். இரண்டு நிரைக்கு ஒரு பாதை. டிராக்டர் ஒரு பாதையில் ஏறி, அடுத்த பாதையில் இறங்கும். மெஷினின் வலப்பக்க வாசல் அடைத்துக்கொண்டால், ஏறும்போது வலப்பக்க நிரை பட்டினி. திரும்பி இறங்கும்போது அதே வலப்பக்கம் அதற்கு அடுத்த நிரையைப் பார்த்திருக்கும், அதுவும் பட்டினி. அதனால்தான் இரண்டிரண்டாக வெளுக்கிறது. ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

தோட்டத்தில் கையால் உரம் போட்ட காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆள் ஒவ்வொரு மரத்தடிக்கும் போனார். கட்டி வந்தால் விரலாலேயே நசுக்கிப் போட்டார். மெஷின் ஓட்டுநருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ஒரு பக்கம் நின்றாலும் மறுபக்கத் தட்டு சுற்றும் சத்தம் அப்படியேதான் கேட்கும்.

ஏன் அடைக்கிறது? முதல் காரணம் நம் ஊர்க் காற்று. 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் சுமார் 73 விழுக்காட்டைத் தாண்டினால் யூரியா ஈரத்தை இழுக்கத் தொடங்கும். பொட்டாஷுக்கு அந்த எல்லை 84. தனித்தனியே இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு. இரண்டையும் கலந்து வைத்தால் எல்லை 60 அளவுக்கு இறங்கிவிடும். ஜெராய் மலையடிவாரத்தில் விடிகாலை ஈரப்பதம் 90ஐத் தாண்டுவது சாதாரணம். மலைக்கு அந்தப் பக்கம் குரூணில் பெட்ரோனாஸ் ஆலை செய்யும் யூரியா, இந்தப் பக்கம் வந்து திறந்த சாக்கில் ஓர் இரவு கிடந்தால் போதும், மறுநாள் காலை கட்டிதான். யூரியாவோடு சூப்பர் பாஸ்பேட்டைக் கலப்பது இன்னும் மோசம். அவை சேரும்போது பாஸ்பேட்டுக்குள் இருக்கும் நீரே வெளியே வந்து கலவை சேறாகும். முன்னிரவே கலந்து வைத்துவிட்டால் காலையில் வேலை சுலபம் என்று சிலர் செய்கிறார்கள். கலப்பதாக இருந்தால் தூவும் நேரத்தில், தூவும் அளவுக்கு மட்டும் கலக்க வேண்டும்.

இரண்டாவது எதிரி சாக்கு தைத்த நூல். அதோடு சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையின் கிழிசல். உரக் கட்டி குலுக்கலில் உடைந்தாலும் உடையும்; நூல் வாசலில் சிக்கினால் நாள் முழுக்கப் போகாது. இதற்காகத்தான் தொட்டியின் மேல் வலை வைத்து விற்கிறார்கள். கொட்ட நேரமாகிறது என்று அந்த வலையைக் கழற்றி ஸ்டோர் மூலையில் சாத்தி வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். குத்தகை பேசும்போது கூலிக்கு முன்னால் "வலை இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

கழுவுவதும் அப்படித்தான். மாலையில் கழுவாவிட்டால் உரம் இரும்பைத் தின்னும்; துருவேறிய சொரசொரப்பில் மறுநாள் உரம் ஒட்டும். கழுவிவிட்டு ஈரத்தோடு விட்டாலும் முதல் மூட்டையே வாசலில் பசையாகும். கழுவி, காயவிட்டு, பிறகுதான் கொட்ட வேண்டும்.

சரி, அடைத்ததை எப்படி அன்றைக்கே பிடிப்பது? பழைய மண்டோர்கள் காலிச் சாக்கை எண்ணினார்கள். சாக்கைக் கொண்டுவந்து காட்டாமல் கணக்கு முடியாது. இன்றும் அதைவிட மலிவான கருவி இல்லை. மரத்துக்கு 2 கிலோ என்றால் 50 கிலோ மூட்டை 25 மரத்துக்கு. 10 மூட்டை கொட்டினால் 250 மரத்தில் தொட்டி காலியாக வேண்டும். 250ஐத் தாண்டியும் பாதி கிடந்தால் ஒரு பக்கம் நின்றுவிட்டது.

ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. உரம் மிஞ்சுவதைப் பார்த்த ஓட்டுநர் வாசலை அகலமாகத் திறந்துவிடுவார். மூட்டைக் கணக்கில் கூலி என்றால் நிச்சயம் திறப்பார். அப்போது காலிச் சாக்கு சரியாக இருக்கும். ஒரு நிரைக்கு இரட்டைச் சாப்பாடு, இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை. 2022இல் உக்ரேன் போரை ஒட்டி உர விலை ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். நமக்கு வேண்டிய பொட்டாஷ் முழுவதும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அதை இப்படியா கொட்டுவது?

அதனால் எண்ணிக்கையோடு தார்ப்பாயும் வேண்டும். பாதையின் இரு பக்கமும் ஒரே அளவுத் தார்ப்பாயை விரித்து, மெஷினை ஒருமுறை ஓட்டச் சொல்லி, விழுந்ததைத் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. பத்து நிமிட வேலை. அதோடு ஒவ்வொரு பாதை முடிவிலும் இறங்கித் தொட்டிக்குள் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் மேடாகவும் இருந்தால் அடைப்புதான். தூள் உரமாக இருந்தால் மேலே நிரம்பியிருக்க, அடியில் பாலம் கட்டி வெற்றிடமாக நிற்பதும் உண்டு.

அப்படி நிற்பதைக் கண்டு குச்சியை விட்டுக் குத்துவார்கள், கையையும் விடுவார்கள். இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் அந்த வேலை. டிராக்டரின் பின்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. சட்டை முனை சிக்கினால் 'ஐயோ' என்று கத்தக்கூட நேரம் இருக்காது.

வாசகரின் வெளுத்த நிரைகளுக்கு வருகிறேன். விட்டுப்போன உரத்தை ஒரே தடவையில் கொட்ட வேண்டாம். ஒரு பெருமழையில் ஓடிவிடும். இரண்டு மூன்று தவணையாக, இந்த முறை கையால் போடுங்கள். அதற்கு முன் 17ஆம் மட்டையின் இலையை எடுத்து ஆய்வுக்குக் கொடுங்கள். எப்படி எடுப்பது என்பதை மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் துனாஸ் அதிகாரியிடம் கேட்கலாம். பச்சை நிரைக்கு ஒரு பை, வெளுத்த நிரைக்கு வேறு பை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தால் சராசரிதான் வரும், 'எல்லாம் நலம்' என்று.