ஐந்து கோல் வாங்கிய பிறகு



நம் பாயா ரும்புட் வட்டாரத்தில் ஹாங் ஜெபாட் அரங்கம் இருப்பதாலோ என்னவோ, இங்கே காற்பந்துப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. கோல் போட்டவரைப் பத்து வருடம் கழித்தும் பேசுகிறோம். ஆட வைத்த பயிற்றுநர் தோற்றால் திட்டுகிறோம், வென்றால் மறந்துவிடுகிறோம். இந்த இதழில் மலேசியக் காற்பந்துப் பயிற்றுநர் கே. ராஜகோபாலைப் பற்றி எழுதக் காரணம் அதுதான்.

மொக்தார் டஹாரியும் ஆர். ஆறுமுகமும் ஆடிய காலத்தில் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர் ராஜகோபால். ஆனால் அவர் பெயரை நிலைநாட்டியது பயிற்றுநர் வேலைதான். 2009இல் லாவோஸ் சீ விளையாட்டுப் போட்டியில் வியட்நாமை 1-0 என வென்று, 20 ஆண்டுகளுக்குப் பிறகு காற்பந்துத் தங்கத்தைக் கொண்டுவந்தார். அந்த அணி இளைஞர்களில் பலரை மறு ஆண்டே தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசூகி கிண்ணத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5. நாடு முழுக்கச் சிரித்தது, நம் காப்பிக்கடைகளிலும்தான். அவரோ பையன்களைக் கைவிடவில்லை. நடுத்திடலில் சாபிக் ரஹிம், முன்னே சாபி சாலி, கோல் காக்க 21 வயது கைருல் பாமி என்று அணியை நிமிர்த்தினார். தாய்லாந்துடன் சமன், லாவோசுக்கு எதிராக 5-1, அரையிறுதியில் வியட்நாம் வீழ்ந்தது. இறுதியில் எதிரே வந்தது அதே இந்தோனேசியா.

டிசம்பர் 26, புக்கிட் ஜாலில். ரசிகர்கள் அடித்த லேசர் ஒளியால் ஆட்டம் சிறிது நேரம் நின்றது. அது நமக்குப் பெருமை சேர்க்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மறுபடி தொடங்கியதும் சாபி இரண்டு, அஷாரி ஷம்சுதீன் ஒன்று, 3-0. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் கைருல் பாமி பினால்டி ஒன்றைத் தடுத்தார். 1-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 4-2. கிண்ணம் முதல் முறையாக மலேசியாவுக்கு. டிசம்பர் 31 பொது விடுமுறை ஆனது.

அதே 2010இல் கிளந்தான் முதன்முதலாக மலேசியக் கிண்ணத்தை வென்றபோது, அதன் பயிற்றுநர் பி. சத்தியநாதன். ஒரே ஆண்டில் இரு பெரிய கிண்ணங்களுக்குப் பின்னால் இரண்டு மலேசிய இந்தியர்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோமா? பந்து ஆடும் மகனிடம் "ஆடி என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்கத் தெரிந்த நமக்கு, பயிற்றுநர் உரிமம் என்று ஒரு படிப்பு இருப்பது தெரியாமல் போயிற்று. ஆட்டம் ஓய்ந்த பிறகும் அதில் வேலை உண்டு.

மலாக்காத் தோட்டங்களில் பையன்களைக் கூட்டி, சொந்தக் காசில் பந்து வாங்கிக் கொடுத்துப் பழக்கிய பெரியவர்களும் பயிற்றுநர்களே. உங்கள் தோட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால், அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். பழைய குழுப் படம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்