பெட்ரோல் பில்லைச் சேர்த்து வெச்சா வரி குறையுமா? ஃப்ரீலான்சர்களைக் குழப்பும் 50% கணக்கு

ஜூலை வந்தால் போதும், காரின் டேஷ்போர்டில் கிடக்கும் பெட்ரோல் பில்களுக்குத் திடீர் மரியாதை வந்துவிடும். எடுத்துப் பார்த்தால் பாதி பில்லில் எழுத்தே இருக்காது. தெர்மல் பேப்பர், வெயிலில் வெளுத்துவிடும். "யுபிஐ ஹிஸ்டரி இருக்கே, பார்த்துக்கலாம்" என்று சமாதானம் வேறு. ஆனால், பல ஃப்ரீலான்சர்களின் ரிட்டர்னில் அந்த பில்லுக்கு வேலையே இல்லை.

அடிப்படை விதி எளிமையானது. தொழிலுக்காகச் செய்த செலவை வருமானத்தில் கழிக்கலாம் என்கிறது வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவு. கிளையன்ட்டைப் பார்க்கப் போன பெட்ரோலும் இதில் சேரும். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இது உண்டு. அங்கே கிடைக்காதது 80சி போன்ற சலுகைகள்தான்.

அதே வண்டியில் குழந்தையை ஸ்கூலில் விட்டால்? தொழிலுக்கு ஓடிய பங்குக்கு மட்டும்தான் கழிவு. 1,000 கி.மீ.யில் 700 தொழிலுக்கு என்றால் 70%. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், காருக்கான 15% தேய்மானம் எல்லாம் இதே கணக்குதான். கேள்வி வந்தால் காட்ட, தேதி, இடம், கி.மீ. எழுதிய லாக்புக் வேண்டும். யுபிஐ பணம் போனதைத்தான் சொல்லும், வண்டி எங்கே போச்சுன்னு சொல்லாது.

இதுவரை நியாயம்தான். சிக்கல் 44ஏடிஏ பிரிவில் இருக்கிறது. டாக்டர், வக்கீல், ஐடி, இன்டீரியர் டிசைன் போன்ற தொழில் செய்பவர்கள், ஆண்டு வரவு 50 லட்சம் ரூபாய்க்குள் (ரொக்கம் 5%க்குள் இருந்தால் 75 லட்சம்) என்றால், அதில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகம் தேவையில்லை. மீதிப் பாதியில் எல்லாச் செலவும் அடக்கம். பெட்ரோலைத் தனியாக இன்னொரு முறை கழிக்க முடியாது.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு ஐடி கன்சல்டன்ட்டை எடுத்துக்கொள்வோம். வரவு 30 லட்சம், செலவு 3 லட்சம். இன்னொருவர் தாம்பரத்தில் இருந்து ஓ.எம்.ஆர்., அம்பத்தூர் என்று சைட் சைட்டாக அலையும் இன்டீரியர் டிசைனர். அதே 30 லட்சம் வரவு. பெட்ரோலுக்கே மாதம் 15,000 ரூபாய், ஆபீஸ் வாடகை, உதவியாளர் சம்பளம் சேர்த்துச் செலவு 18 லட்சம். 44ஏடிஏ-வில் இருவருக்கும் லாபம் 15 லட்சம்தான். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் ஆளுக்கு 1,09,200 ரூபாய் வரி. டிசைனரின் உண்மையான லாபமான 12 லட்சத்துக்கு வரி பூஜ்யம்!

அதை அவர் காட்டலாமே? காட்டலாம். கணக்குப் புத்தகம் பராமரித்து, சிஏ தணிக்கையும் செய்ய வேண்டும். எளிமை வேண்டுமென்றால் கூடுதல் வரி, நியாயம் வேண்டுமென்றால் ஆடிட் பீஸ். ரோட்டில் அலைபவருக்கு மட்டும் இந்தத் தண்டனை ஏன்?

அமெரிக்காவில் தொழிலுக்காக ஓட்டிய மைலுக்கு 2025-ல் 70 சென்ட் கழிக்கலாம், பெட்ரோல் பில் தேவையில்லை. பிரிட்டனிலும் மைல் கணக்கு உண்டு. பொய்க் கணக்கு எழுதுவார்களே என்ற பயம் நியாயமானதே. ஆனால், லாரி வைத்திருப்பவர்களுக்கு வண்டிக்கு இவ்வளவு லாபம் என்று நிர்ணயிக்கும் 44ஏஇ பிரிவு நம் சட்டத்திலேயே இருக்கிறதே! 50% கணக்கின் மேல் கி.மீ.க்கு இவ்வளவு என்று ஒரு கழிவு சேர்ப்பது பெரிய காரியமில்லை. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய சட்டம் பிரிவு எண்களை மாற்றியது, இதைச் செய்யவில்லை.

இப்போதைக்கு, செலவு வரவில் பாதியைத் தாண்டுகிறவர்கள் ஆடிட் பீஸ் எவ்வளவு, மிச்சமாகும் வரி எவ்வளவு என்று சிஏ-விடம் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு லாக்புக் வேண்டும். ஓடோமீட்டரை மாதம் ஒருமுறை போட்டோ எடுத்து வைப்பதில் இருந்து தொடங்கலாம்.