தட்டான் உடலில் சிவப்பு மணிகள்: மருந்து வேண்டாம்

நெல் வயலில் பறக்கும் ஊசித்தட்டான்களின் மார்பிலும் வயிற்றின் அடிப்புறத்திலும் கடுகினும் சிறிய சிவப்பு மணிகள் ஒட்டியிருப்பதுண்டு. இவற்றைப் பயிரைத் தாக்கும் செஞ்சிலந்தி எனக் கருதி மருந்து தெளிப்பது தவறு.

இவை நீரில் வாழும் சிலந்திப்பேனின் இளம்பருவம். வளர்ந்த பேனுக்கு எட்டுக் கால்கள், இதற்கு ஆறே. நீரிலுள்ள தட்டான் குஞ்சின் மேல் தொற்றிக் காத்திருக்கும். குஞ்சு தோலுரித்து இறகுடன் வெளிவரும்போது புது உடலுக்குத் தாவி, தோலைத் துளைத்து உடல்நீரை உறிஞ்சி, மணிபோல் பருக்கும். தட்டான் மீண்டும் நீரையடையும்போது உதிர்ந்துவிடும். சில இனங்கள் கொசுவிலும் ஒட்டும். பயிரை இவை தீண்டுவதில்லை.

பேன் மிகுந்தால் தட்டான் சற்று வலுவிழக்கும். மருந்தோ அதை அடியோடு கொல்லும். தத்துப்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் தட்டானும் சிலந்தியும் மடிந்த வயலில் புகையான் பெருகும், செலவும் இரட்டிக்கும்.

ஆகவே, தட்டானைப் பார்த்து முடிவெடுக்காமல் பயிரின் அடித்தூரைப் பார்க்க வேண்டும். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையானும், குத்துக்கு 1 சிலந்தி உள்ள வயலில் தூருக்கு 2 புகையானும் தென்பட்ட பிறகே மருந்தைப் பற்றி யோசித்தால் போதும்.